ஐசியைக் கடைசியில் வாங்குங்கள்: வீட்டில் செய்யும் க்ரொஸ்ஓவருக்கு ஒப் அம்ப் தேர்ந்தெடுப்பது எப்படி

தலவாக்கலையில் என் வீட்டுக்கு அம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு வரும் தம்பிமார் இப்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அண்ணே, க்ரொஸ்ஓவர் கட்டப்போறேன், எந்த ஐசி நல்லது?" நான் திருப்பிக் கேட்பேன்: "எத்தனை கிலோ ஓம் ரெசிஸ்டர் போடப்போறே? உங்க தோட்டத்து லய வீட்டுல இரவு ஏழு மணிக்கு எத்தனை வோல்ட் வருது?" இரண்டுக்கும் பதில் வராது. ஐசியின் பெயர் மட்டும் நான்கைந்து வாயில் தயாராக இருக்கும்.

ஒலியைத் தடித்தது, மெல்லியது என்று பிரிக்கும் சுற்றுத்தான் க்ரொஸ்ஓவர்; அவர்கள் கேட்கும் ஐசி அதற்குள் சிக்னலைக் கையாளும் ஒப் அம்ப். அந்த ஒப் அம்ப்பைச் சுற்றி நிற்கும் ரெசிஸ்டரும், அதற்குக் கிடைக்கும் மின்சாரமும் முடிவாகாமல் ஒப் அம்ப்பை முடிவு செய்ய முடியாது. அதனால் இந்த வழிகாட்டியில் ஐசி நடுவில்தான் வரும். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்குச் 'செயற்பாட்டு விரியலாக்கி' என்றால் நினைவு வரும். தடையி, கொள்ளளவி, மீடிறன் (ஃப்ரீக்குவென்சி) எல்லாம் அங்கே படித்ததுதான். கடையில் அப்படிக் கேட்டால் முழிப்பார்கள் என்பதால் நான் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் என்றே எழுதுகிறேன்.

முதலில் எதைக் கட்டுகிறோம் என்று பார்ப்போம்

சாதாரண ஸ்பீக்கர் பெட்டிக்குள் ஒரு கம்பிச் சுருளும் கெப்பாசிட்டரும் இருந்து ஒலியைப் பிரிக்கும். நாம் கட்டப்போவது அது இல்லை. அம்ப்ளிஃபயருக்கு முன்னாலேயே, சின்ன சிக்னலாக இருக்கும்போதே, தடித்த ஒலியை ஒரு பக்கமும் மெல்லிய ஒலியை மறுபக்கமும் பிரித்து, வூஃபருக்கு ஒரு அம்ப்ளிஃபயர், டுவீட்டருக்கு இன்னொன்று என்று ஓட்டுவது.

பிரிக்கும் முறைகள் பல இருந்தாலும் நான் எல்லோருக்கும் சொல்வது லிங்க்விட்ஸ்–ரைலி நான்காம் படி. ஹியூலெட்–பக்கார்டில் வேலை செய்த சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ், ரஸ் ரைலி இருவரின் பெயரால் வழங்குவது, 1976-இல் வெளியானது. பிரியும் மீடிறனில் இரண்டு பக்கமும் சரியாகப் பாதியாகும், இரண்டையும் கூட்டினால் மீண்டும் முழுசாகும். அதைத் தாண்டினால் மீடிறன் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் 24 டெசிபெல் சரியும். டுவீட்டர் வயரை மாற்றிக் கொடுக்க வேண்டிய வேலையும் இதில் இல்லை. இரண்டாம் படியில் கட்டினால்தான் அந்தத் தலைவலி.

இதைக் கட்டச் சலன்–கீ என்ற சுற்றுப் போதும். 1955-இல் எம்ஐடியின் லிங்கன் ஆய்வுகூடத்திலிருந்து வந்தது, இன்றும் இதைவிட எளியது இல்லை. ஒரு ஒப் அம்ப், இரண்டு ரெசிஸ்டர், இரண்டு கெப்பாசிட்டர். அதே கட்டு இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் நான்காம் படி.

ஒரே ரெசிஸ்டர், ஒரே கெப்பாசிட்டர்

கொழும்புக்கு ஒரு நாள் போய் வருவதென்றால் நமக்கு அது ஒரு பயணம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் நின்றுகொண்டு பதினாறு வகை ரெசிஸ்டருக்குப் பட்டியல் நீட்டும் சுற்று எனக்குப் பிடிக்காது. அதனால் கணக்கை இப்படிப் போட்டேன்.

பிரியும் இடம் 2 கிலோஹெர்ட்ஸ் என்று வைப்போம். ஆறரை அங்குல வூஃபருக்கும் ஓர் அங்குல டோம் டுவீட்டருக்கும் இது பொதுவாக ஒத்துப்போகும். ஆனாலும் உங்கள் டுவீட்டரின் தரவுத் தாளை (டேட்டாஷீட்) பார்த்து, அதன் ஒத்ததிர்வு மீடிறனைப் போல இரண்டு மடங்காவது மேலே பிரிகிறதா என்று உறுதி செய்யுங்கள்.

மேல் பக்கத்துக்கு, அதாவது டுவீட்டருக்குப் போகும் கட்டில், இரண்டு கெப்பாசிட்டரும் 10 நானோஃபரட். ஒப் அம்ப்பின் வெளியீட்டிலிருந்து திரும்பி வரும் ரெசிஸ்டர் 5.6 கிலோ ஓம், நிலத்துக்கு (கிரவுண்டுக்கு) போவது அதன் இரட்டிப்பு, 11.2. அப்படி ஒன்று கடையில் இல்லை, 5.6 இரண்டைத் தொடராகப் போடுங்கள். கீழ்ப் பக்கத்துக்கு, வூஃபருக்கு, ரெசிஸ்டர் இரண்டும் 5.6 கிலோ ஓம். நிலத்துக்குப் போகும் கெப்பாசிட்டர் 10 நானோஃபரட், வெளியீட்டிலிருந்து திரும்புவது 20. அதுவும் 10 இரண்டைச் சமாந்தரமாகப் போட்டால் வந்துவிடும். கணக்குப் போட்டால் இரண்டு பக்கமும் 2010 ஹெர்ட்ஸில் வந்து நிற்கிறது.

ஆக இரண்டு ஸ்பீக்கருக்கும் சேர்த்து 5.6 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருபது, 10 நானோஃபரட் கெப்பாசிட்டர் இருபது. அவ்வளவுதான். ரெசிஸ்டர் ஒரு வீதம் பிழையுள்ள மெட்டல் ஃபிலிம் வாங்குங்கள். கெப்பாசிட்டர் பொலிப்ரொப்பிலீன், கிடைக்காவிட்டால் மைலர். தட்டையான மஞ்சள் செரமிக்கைச் சிக்னல் பாதையில் போடவே வேண்டாம், அழுத்தம் ஏற ஏற அதன் பெறுமதியே மாறும். முப்பதாக வாங்கி, கெப்பாசிட்டர் அளக்கும் மல்ட்டிமீட்டரில் ஒவ்வொன்றாக அளந்து, ஒன்றுக்கொன்று கிட்டியதாக இருபதைப் பொறுக்கி எடுங்கள். எல்லாம் 9.7 ஆக இருந்தாலும் பரவாயில்லை, பிரியும் இடம் கொஞ்சம் நகரும், அவ்வளவே. இடதும் வலதும் வேறு வேறாக இருந்தால்தான் பாடகியின் குரல் நடுவில் நிற்காது.

மின்சாரத்தை ஐசிக்கு முன்பே பாருங்கள்

படங்களில் எல்லாம் 15–0–15 டிரான்ஸ்ஃபோர்மர், அழுத்தத்தை நிலையாக வைக்கும் 7815, 7915 ரெகுலேட்டர்கள், கூட்டல் கழித்தல் 15 வோல்ட் என்றுதான் இருக்கும். நானும் அப்படித்தான் முதலில் கட்டினேன். பகலில் கண்ணாடி மாதிரி ஒலி. இரவில் சுற்றிலும் அடுப்பு, ஹீட்டர், கேத்தல் எல்லாம் போட்டதும் "ம்ம்ம்" என்று ஒரு முனகல். ஐசி கூடாது என்று நினைத்து மூன்று தடவை மாற்றினேன். கடைசியில் சுவர் பிளக்கில் மீட்டரை வைத்தால் 190 வோல்ட்.

கணக்கு எளிது. 15 வோல்ட் சுருளின் உச்சம் 21 வோல்ட். டயோட் ஒன்று முக்கால் வோல்ட்டைத் தின்றால் ஏறக்குறைய 20.5. அது 230 வோல்ட் வரும்போது. 190-க்கு இறங்கினால் 17-க்கும் கீழே. 7815 ஒழுங்காக வேலை செய்ய உள்ளே ஏறத்தாழ 17 வேண்டும். அலையின் பள்ளத்தில் அது கையை விரித்துவிடும்; அந்தப் பள்ளம்தான் 100 ஹெர்ட்ஸ் முனகலாகக் கேட்கிறது.

தீர்வு: அதே டிரான்ஸ்ஃபோர்மரை வைத்துக்கொண்டு 7812, 7912 போடுங்கள். கூட்டல் கழித்தல் 12 வோல்ட். டிவிடி பிளேயர் போன்ற ஒன்று தரும் சிக்னல் 2 வோல்ட், உச்சம் 2.8. அதற்கு 12 வோல்ட்டே தாராளம். ஒவ்வொரு பக்கமும் 2200 மைக்ரோஃபரட் போதும். 7912-இன் கால் வரிசை 7812 மாதிரி இல்லை; அதன் முதுகுத் தகடும் நிலமில்லை, உள்ளீடு. இரண்டையும் ஒரே அலுமினியத் துண்டில் மைக்கா இல்லாமல் இறுக்கிப் புகை பார்த்தவர்களை எனக்குத் தெரியும். அதில் ஒருவன் நான்.

230 வோல்ட் பக்கத்தில் ஃபியூஸ், மூடிய பெட்டி, உலோகப் பெட்டி என்றால் எர்த். லய வீடுகளில் எர்த் கம்பி பெயருக்குத்தான் இருக்கும், அதையும் ஒருவரை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

இப்போது ஐசி

4558, டிஎல்072, என்ஈ5532, எல்எம்4562, ஓபிஏ2134 எல்லாவற்றுக்குள்ளும் இரண்டு ஒப் அம்ப், ஒரே எட்டுக் கால், ஒரே வரிசை: நான்கில் கழித்தல், எட்டில் கூட்டல், ஒன்றிலும் ஏழிலும் வெளியீடு. சொக்கெட் போட்டால் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். ஆனால் எதைப் பார்த்து முடிவு செய்வது?

வேகத்தைப் பற்றி நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள், அது சீக்கிரம் முடியும் விஷயம். 20 கிலோஹெர்ட்ஸில் 2.8 வோல்ட் உச்சத்துக்கு ஏற ஒரு மைக்ரோ விநாடிக்கு 0.36 வோல்ட் வேகம் வேண்டும். ஐந்து மடங்கு கைவசம் வைத்தால் 1.8. பாடப்புத்தகத்து 741 தருவது 0.5, எல்எம்358-உம் அதே வகுப்பு, அதோடு பூச்சியத்தைக் கடக்கும்போது அலையைக் கடித்துவிடும் பழக்கமும் உண்டு. இரண்டையும் விட்டுவிடுங்கள். பேஸ்–ட்ரெபிள் போர்டுகள் பலவற்றில் இருக்கும் 4558 விளிம்பில் நிற்கிறது. கையில் இருந்தால் பழகிப் பார்க்கலாம். டிஎல்072-க்கு 13, 5532-க்கு 9. போதும், போதும்.

இரைச்சலில்தான் சுவாரசியம் இருக்கிறது. தாளில் எல்எம்4562-க்கு 2.7 நானோவோல்ட், 5532-க்கு 5, ஓபிஏ2134-க்கு 8, பழைய டிஎல்072-க்கு 18 என்று போட்டிருக்கும். (எல்லாம் ஒரு ஹெர்ட்ஸின் வர்க்கமூலத்துக்கு.) இதைப் பார்த்ததும் எல்லோரும் எல்எம்4562-இன் பின்னால் ஓடுகிறார்கள். நானும் ஓடினேன்.

ஆனால் அதே தாளில் இரண்டு வரி கீழே இன்னொரு எண் உண்டு: மின்னோட்ட இரைச்சல். 5532-க்கு 0.7 பிக்கோ அம்பியர், 4562-க்கு 1.6. இது ரெசிஸ்டர் வழியாக ஓடும்போது வோல்ட்டாக மாறும். நம் கீழ்ப் பக்கக் கட்டில் ஒப் அம்ப்பின் உள்ளீட்டுக்கு முன்னால் 5.6 இரண்டு தொடராக நிற்கிறது, 11.2 கிலோ ஓம். 4562-க்கு 1.6-ஐ 11.2-ஆல் பெருக்கினால் 18 நானோவோல்ட்! 5532-க்கு ஏறத்தாழ 8. ஜேஃபெட் (மின்னோட்டத்தை ஏறக்குறைய இழுக்காத ஒரு வகை டிரான்சிஸ்டர்) உள்ளீடு கொண்ட ஓபிஏ2134, டிஎல்072 இரண்டுக்கும் இது கிட்டத்தட்ட இல்லை. அப்புறம் ரெசிஸ்டரே சும்மா இருக்காது, 11.2 கிலோ ஓம் தன் வெப்பத்தால் மட்டும் 13.5 நானோவோல்ட் போடும்.

இவற்றை நேராகக் கூட்டக்கூடாது. ஒவ்வொன்றையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். ஓபிஏ2134 பதினாறுக்குச் சற்றுக் கீழே, 5532 பதினாறுக்குச் சற்று மேலே, டிஎல்072 இருபத்திரண்டரை, விலை கூடிய எல்எம்4562-உம் அதே இருபத்திரண்டரை. மலிவான டிஎல்072-உம் அதுவும் நம் சுற்றில் ஒரே வரிசையில் நிற்கின்றன.

அது ஐசியின் குற்றமில்லை. ரெசிஸ்டரை 1.2 கிலோ ஓம் ஆக்கி, கெப்பாசிட்டரை 47 நானோஃபரட் ஆக்குங்கள். பிரியும் இடம் 1995 ஹெர்ட்ஸ், கிட்டத்தட்ட அதேதான். இப்போது மொத்த இரைச்சல் 4562-க்கு எட்டுக்குச் சற்றுக் கீழே, 5532-க்கு எட்டுக்குச் சற்று மேலே. அப்போதும் வித்தியாசம் காதுக்கு எட்டாது, ரெசிஸ்டர்தான் பெரும்பங்கைப் போடுகிறது. உண்மையைச் சொன்னால் 22 நானோவோல்ட்டே ஒலி முழுவதுக்கும் சேர்த்து மூன்று மைக்ரோவோல்ட் அளவுதான், ஒரு வோல்ட் சிக்னலுக்கு 110 டெசிபெல் கீழே. வெளியே மழை பெய்யும் தகரக் கூரைக்குக் கீழே அதைத் தேடவேண்டாம்.

பிறகு ஏன் டிஎல்072-ஐயே போடக்கூடாது? இரண்டு காரணம். சலன்–கீ கட்டில் ஒப் அம்ப்பின் இரண்டு உள்ளீடும் சிக்னலோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும். ஜேஃபெட் உள்ளீட்டின் உள் கொள்ளளவம் அந்த ஆட்டத்துக்கு ஏற்ப மாறும். முன்னால் பெரிய ரெசிஸ்டர் இருந்தால் அந்த மாற்றம் திரிபாகி வெளியே வரும். ஓபிஏ2134-உம் இதிலிருந்து முழுசாகத் தப்பவில்லை. இரண்டாவது, டிஎல்072-இன் உள்ளீடு கழித்தல் பக்க விளிம்பை நெருங்கினால் வெளியீடு திடீரென்று கூட்டல் பக்கத்துக்குப் பாயும். யாராவது வயரைப் பிடுங்கும்போது அது நடந்தால் டுவீட்டர்தான் பலி.

ஆக என் தீர்ப்பு: வடிகட்டிக் கட்டு எல்லாவற்றுக்கும் என்ஈ5532. சிக்னெட்டிக்ஸ் 1970-களின் இறுதியில் கொண்டுவந்த சரக்கு, 600 ஓம் சுமையையும் இழுக்கும், கடையில் சாதாரணமாகக் கிடைக்கும். தனி ஒன்றான 5534-ஐ இதே இடத்தில் போட ஆசைப்படாதீர்கள். பெருக்கம் ஒன்றில் அது தானாகவே நிலையாக நிற்காது, ஐந்துக்கும் எட்டுக்கும் இடையில் 22 பிக்கோஃபரட் வேண்டும்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் நான் ஓபிஏ2134 வைக்கிறேன்: பிளேயரின் சிக்னலை வாங்கி அப்படியே வடிகட்டிகளுக்குக் கொடுக்கும் முதலாவது கட்டு, அதாவது பஃபர். அங்கே உள்ளீட்டில் நிலத்துக்கு 47 கிலோ ஓம் இருக்கும். 5532-இன் சார்பு மின்னோட்டம், அதாவது அதன் உள்ளீட்டுக் காலில் எப்போதும் ஓடுவது, 200 நானோ அம்பியர் அளவு. 47 கிலோவில் அது 9 மில்லிவோல்ட் நேர் (டிசி) அழுத்தமாகிவிடும். வொல்யூமைத் திருப்பினால் கரகரக்கும். ஜேஃபெட்டில் அந்தத் தொல்லை இல்லை. முன்னால் பிளேயர் செருகியிருப்பதால் அந்த 47 கிலோ மறைந்துபோய், மேலே சொன்ன திரிபும் வராது. ஓபிஏ கிடைக்காவிட்டால் 5532-ஐயே போட்டு, பின்னால் ஒரு 10 மைக்ரோஃபரட் வைத்து நேர் அழுத்தத்தைத் தடுத்துவிடுங்கள். அந்த பஃபரை விட்டுவிட மட்டும் கூடாது. பிளேயரின் வெளியீட்டுத் தடையும் முதல் ரெசிஸ்டரோடு சேர்ந்து பிரியும் இடத்தை நகர்த்திவிடும்.

ஒரு பக்கத்துக்கு பஃபர் ஒன்று, மேல் கட்டு இரண்டு, கீழ்க் கட்டு இரண்டு, டுவீட்டர் அளவைக் குறைக்கும் வொல்யூமுக்குப் பின்னால் ஒன்று: ஆறு. இரண்டு பக்கத்துக்கும் பன்னிரண்டு, அதாவது எட்டுக் கால் ஐசி ஆறு.

வாங்கியது அசலா?

ஒரு தடவை ஒரு கடையில் பத்து 5532 வாங்கினேன். அச்சு அழகு, எழுத்து அழகு, உள்ளே வேறு ஏதோ. அன்றிலிருந்து சொக்கெட்டில் ஏற்றுமுன் இரண்டு சோதனை செய்யாமல் விடுவதில்லை.

ஐசி வெறுமனே கையில் இருக்கும்போது மல்ட்டிமீட்டரை டயோட் அடையாளத்தில் வைத்து 2, 3 கால்களைத் தொடுங்கள். முனைகளை மாற்றியும் தொடுங்கள். 5532-இன் உள்ளீடுகளுக்கு இடையே எதிரெதிராக இரண்டு டயோட் உண்டு. இரண்டு பக்கமும் 0.6, 0.7 என்று காட்டும். 5, 6 கால்களும் அப்படியே. 4558-இலோ டிஎல்072-இலோ அது இல்லை. அடுத்தது, சொக்கெட்டில் ஏற்றி எட்டாம் காலுக்குப் போகும் கம்பியில் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தற்காலிகமாகப் போட்டு, அதன் குறுக்கே அளந்து பாருங்கள். 0.8 வோல்ட் வந்தால் 8 மில்லி அம்பியர், 5532-க்குச் சரியான பசி. 0.3-க்குக் கீழே நின்றால் யாரோ பேரை மாற்றி அச்சடித்திருக்கிறார்கள்.

பூட்டுவது

ஒவ்வொரு ஐசியின் காலடியிலும், நான்குக்கும் எட்டுக்கும் நடுவே, 100 நானோஃபரட் செரமிக் ஒன்று. இங்கே செரமிக் போடலாம், இது சிக்னல் போகும் வழியில்லை. இதை விட்டால் 5532 பொறுத்துப் போகலாம், 55 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள 4562 பொறுக்காது. காதுக்குக் கேட்காத மீடிறனில் தானாக ஆட ஆரம்பிக்கும், தொட்டால் கை சுடும், ஒலி மட்டும் மந்தமாக இருக்கும். நான் காசு கொடுத்துப் படித்த பாடம் அது. வெளியே கேபிளுக்குப் போகும் ஒவ்வொரு வெளியீட்டிலும் தொடராக 100 ஓம் போடுங்கள். கேபிளின் கொள்ளளவம் ஐசியை ஆட்டாது.

பற்றவைத்து முடிந்ததும் போர்டை ஐசோப்ரொப்பைல் அல்கஹோலில் கழுவுங்கள். நம் ஊரில் இது முக்கியம். மூடுபனி ஜன்னலால் வீட்டுக்குள் வரும் மாதங்களில் மிச்சமிருக்கும் ஃப்ளக்ஸ் ஈரத்தை இழுத்து, கால்களுக்கு இடையே மெல்லிய கசிவுப் பாதை போடும். 5.6 கிலோ ஓம் சுற்றை அது அசைக்காது. அதே மீடிறனை 100 கிலோ ஓமும் 560 பிக்கோஃபரட்டும் போட்டு எடுக்கலாம் என்று ஒருவர் வாதாடினார். கணக்குச் சரிதான், ஆனால் ஆனி, ஆடி ஈரத்தில் அந்தப் போர்டு எங்கே பிரியும் என்று அவருக்கே தெரியாது.

நிலக் கம்பிகள் எல்லாம் ஒரே புள்ளியில் சேரட்டும்.

ஸ்பீக்கர் இல்லாமல் சோதனை

அம்ப்ளிஃபயரை இன்னும் செருக வேண்டாம். முதலில் ஒவ்வொரு வெளியீட்டிலும் நேர் அழுத்தம் பாருங்கள். சில மில்லிவோல்ட் என்றால் சரி. வோல்ட் கணக்கில் வந்தால் எங்கோ பிழையாகப் பற்றவைத்திருக்கிறீர்கள்.

அடுத்து, ஃபோனில் சைன் அலை தரும் செயலி ஒன்றைப் போட்டு 2010 ஹெர்ட்ஸ் கொடுங்கள். சாதாரண மல்ட்டிமீட்டர் அந்த மீடிறனில் சரியான எண்ணைக் காட்டாமல் போகலாம். பரவாயில்லை, நமக்கு விகிதம் போதும்: அதே மீடிறனில் பஃபரின் வெளியீட்டை அளந்து, பிறகு மேல், கீழ் வெளியீடுகளை அளந்து பாருங்கள். டுவீட்டர் வொல்யூம் முழுசாகத் திறந்திருக்க வேண்டும். இரண்டும் பாதியாக இருக்க வேண்டும். இப்போது 1005 ஹெர்ட்ஸ். டுவீட்டர் பக்கம் பதினேழில் ஒரு பங்கு, வூஃபர் பக்கம் பதினேழில் பதினாறு. டுவீட்டர் பக்கம் நான்கில் ஒன்று மாதிரி வந்தால் இரண்டு கட்டில் ஒன்று வேலை செய்யவில்லை.

பத்து நிமிடம் ஓடவிட்டு ஒவ்வொரு ஐசியின் முதுகையும் விரலால் தொடுங்கள். 5532 இளஞ்சூடாக இருப்பது இயல்பு. ஒன்று மட்டும் சுட்டால் அதன் 100 நானோஃபரட்டைப் பாருங்கள்.

பிறகுதான் டுவீட்டர். அதற்குத் தொடராக 33 மைக்ரோஃபரட் துருவமில்லாக் கெப்பாசிட்டர் ஒன்றை வையுங்கள். 8 ஓமுக்கு அது 600 ஹெர்ட்ஸ் அளவில்தான் வெட்டத் தொடங்கும், நம் 2 கிலோவைப் பெரிதாகத் தொடாது. கரண்ட் போய் வரும்போது எழும் 'தொம்' மட்டும் அதில் நின்றுவிடும். ஏப்ரல் மாதத்துப் பின்னேர இடியில் எங்கள் பக்கம் கரண்ட் ஒரு மணி நேரத்தில் நான்கு தடவை போய் வரும். அதனால் முதலில் க்ரொஸ்ஓவரைப் போட்டு ஐந்து விநாடி கழித்து அம்ப்ளிஃபயரைப் போடுங்கள். அணைக்கும்போது அம்ப்ளிஃபயர் முதலில்.